பழைய கார் மீட்டர் எந்தக் காருடையது? அடையாளம் காணும்போது நடக்கும் தவறுகள்

பழைய கார் சாமான் விற்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கறுப்பு டயல், வெள்ளை எழுத்து, குரோம் வளையம், நடுவில் ‘ஸ்மித்ஸ்’ என்ற பெயர். இவ்வளவு இருந்தால் போதும், அது ஜாகுவார் ஸ்பீடோமீட்டர் ஆகிவிடும். அளவு கொஞ்சம் சிறியதென்றால் எம்ஜி. கேட்பவருக்கும் அப்படி இருந்துவிடக்கூடாதா என்ற ஆசை இருப்பதால் பேரம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. சிக்கல் வீட்டுக்கு வந்தபிறகுதான் தொடங்குகிறது.

முதல் தவறு இந்தப் பெயரிலேயே இருக்கிறது. டயலில் இருப்பது மீட்டர் செய்தவரின் பெயர், கார் செய்தவரின் பெயர் அல்ல. லண்டனைச் சேர்ந்த ஸ்மித்ஸ் நிறுவனம் மாரிஸ், ஆஸ்டின், ட்ரையம்ஃப், எம்ஜி, ஜாகுவார் என்று பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவற்றுக்கும், மோட்டார் சைக்கிள், பஸ், டிராக்டர்களுக்கும் மீட்டர் செய்து கொடுத்தது. ஜெர்மன் கார்களில் விடிஓ, இத்தாலியில் வேலியா போர்லெட்டி, அமெரிக்காவில் ஸ்டீவர்ட் வார்னர், ஏசி. இந்தப் பெயர்கள் ஊரைக் காட்டும், காரைக் காட்டாது.

சில பெயர்கள் ஊரைக்கூடத் தப்பாகக் காட்டும். ‘ஜேகர்’ என்று இருந்தால் பிரெஞ்சு மீட்டர் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். எட்மண்ட் ஜேகர் பாரிஸ்காரர்தான். ஆனால் அவருடைய லண்டன் கிளையின் பெரும்பங்கு 1927-லேயே ஸ்மித்ஸ் கைக்குப் போய்விட்டது. அதன் பிறகு எம்ஜி, ஆஸ்டன் மார்ட்டின் போன்ற கார்களில் வந்த ‘ஜேகர்’ மீட்டர்கள் பிரிட்டனில் செய்தவை. உள்ளே திறந்தால் ஸ்மித்ஸ் வேலைப்பாடுதான். உண்மையான பிரெஞ்சு ஜேகரும் தனியாக வந்துகொண்டே இருந்தது, சிட்ரோவென், ரெனோ வண்டிகளில். டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்தில் இருக்கும் தயாரிப்பு நாட்டைப் படிக்காமல் பேச்சைத் தொடங்கவே கூடாது.

இன்னொன்று: ஸ்மித்ஸ் பெயர் இருந்தால் பழையது என்பதும் இல்லை. வேல்ஸில் உள்ள கேர்பான்ட் நிறுவனம் இன்றும் அந்தப் பெயரில் பழைய பாணி மீட்டர்களைச் செய்து விற்கிறது. நல்ல சரக்குதான், ஆனால் அறுபது வயது கிடையாது.

டயலில் உள்ள எண்களைக் கவனிக்காமல் விடுவது

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஸ்மித்ஸ் டயலின் அடிப்பகுதியில் கண்ணாடியை ஒட்டி இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மாடல் எண்: ‘எஸ்என்’ என்று தொடங்கி, நான்கு இலக்கம், ஒரு சாய்கோடு, பிறகு இரண்டு இலக்கம். எஸ்என் என்றால் ஸ்பீடோமீட்டர், ஆர்என் என்றால் கேபிளில் ஓடும் ஆர்பிஎம் மீட்டர் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டுவது), ஆர்விஐ அல்லது ஆர்விசி என்றால் மின்சாரத்தில் ஓடுவது. சாய்கோட்டுக்குப் பின் வரும் இலக்கத்தைச் சிலர் கண்டுகொள்வதே இல்லை. அதே மீட்டரின் வெவ்வேறு வடிவங்களைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

இரண்டாவது எண் 1000, 1280, 1440 என்று தனியாக நிற்கும். வண்டி ஒரு மைல் ஓடினால், கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் ஸ்பீடோமீட்டர் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது அந்த எண். பின் ஆக்ஸில் விகிதம், டயர் அளவு, கியர்பாக்ஸில் உள்ள சின்னப் பல்சக்கரம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் அது வரும். வண்டியின் ஜாதகம் முழுக்க அதில் இருக்கிறது என்றே சொல்லலாம். எம்ஜிபி என்ற ஒரே காரிலேயே காலத்துக்குக் காலம் 1040, 1280, 1000 என்று இந்த எண் மாறியிருக்கிறது. டயலின் தோற்றத்தை மட்டும் பார்த்து 1040 வண்டியில் 1280 மீட்டரை மாட்டினால் உண்மையில் 60 மைல் வேகத்தில் போகும்போது முள் 49-ஐத் தாண்டாது.

கையில் மீட்டரும் எதிரில் வண்டியும் இருந்தால் பொருந்துமா என்று பார்க்க ஒரு பழைய கணக்கு உண்டு. மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, உள் கம்பியின் நுனியில் ஒரு காகிதக் கொடியை ஒட்டுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரம் சரியாக 6 சுற்றுச் சுற்றும்வரை வண்டியை நேராகத் தள்ளுங்கள். கொடி எத்தனை சுற்றியது என்று எண்ணி, அதை 1680-ஆல் பெருக்கி, சக்கர மையத்திலிருந்து தரைவரை உள்ள அங்குலத்தால் வகுங்கள். கொடி 9.1 சுற்றியது, உயரம் 12 அங்குலம் என்றால் 1274 வரும். அந்த வண்டி கேட்பது 1280 மீட்டர்.

வண்டி இல்லை, மீட்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையே சோதிக்கலாம். பின்னால் உள்ள துளையில் பொருந்தும்படி ஒரு சதுரக் குச்சியைச் செருகி, முள் ஏறும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓடிய தூரம் காட்டும் பட்டையில் ஒரு மைலின் பத்தில் ஒரு பங்கு நகர எத்தனை சுற்று ஆகிறது? டயலில் 1280 என்று இருந்தால் 128 சுற்று ஆக வேண்டும். 104-தான் ஆகிறது என்றால் டயல் ஒரு மீட்டருடையது, குடல் வேறொன்றுடையது. இரண்டு மூன்று உடைந்த மீட்டர்களிலிருந்து ஒன்றைத் தேற்றுவது எல்லா ஊர் ஒர்க்ஷாப்பிலும் நடப்பதுதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதை ‘ஒரிஜினல்’ என்று விலை வைத்தால் கேள்வி கேட்கலாம்.

மைலா, கிலோமீட்டரா

மைல் டயல் என்றால் இங்கிலாந்து அல்லது அமெரிக்கா, கி.மீ. டயல் என்றால் ஐரோப்பா என்ற எண்ணமும் ஆளைக் கவிழ்க்கும். பிரிட்டிஷ் கார்கள் ஐரோப்பாவுக்குக் கி.மீ. டயலோடுதான் ஏற்றுமதியாயின. மறுபக்கம், ஆஸ்திரேலியச் சாலைகள் 1974 வரை மைலில் இருந்தன. இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்ததே 1956-ல்தான். இலங்கையில் இன்றும் ஓடும் மாரிஸ் மைனர்களிலும் மைல் டயலைப் பார்க்கலாம். ஆக, டயலின் அலகு வண்டி எந்தச் சந்தைக்குப் போனது என்று சொல்லும், எங்கே பிறந்தது என்று சொல்லாது.

இதோடு ஒட்டிய ஒரு பொறி: கி.மீ. டயலில் அந்தத் தனி எண் ஒரு கிலோமீட்டருக்கான சுற்று. 620-ஐ ஒட்டி ஓர் எண்ணைப் பார்த்து, ‘இப்படி ஓர் எண் கேள்விப்பட்டதே இல்லையே, அபூர்வ மீட்டர்’ என்று துள்ள வேண்டாம். 1.609-ஆல் பெருக்கினால் நம்ம பழைய 1000 வந்து நிற்கும். விடிஓ மீட்டர்களில் கணக்கு மீட்டர் தூரத்துக்கு. ‘டபிள்யூ’ எழுத்துக்குப் பக்கத்தில் 1.0 என்று இருந்தால் ஒரு மீட்டர் தூரத்துக்குக் கேபிள் ஒரு சுற்று, அதாவது மைலுக்கு 1609.

விடிஓவில் இன்னொரு வசதி, செய்த மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். ‘11.62’ என்றால் 1962 நவம்பர். ஆனால் அதை வண்டியின் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்கிறார்கள். மீட்டர் செய்து, பெட்டியில் அடுக்கி, கார் ஆலைக்குப் போய், டேஷ்போர்டில் ஏற நாளாகும். வண்டி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. முந்தைய வண்டியில் அது உட்கார்ந்திருந்தால், பிறகு மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

கேபிள் மாட்டும் மரையையும் அளந்து பாருங்கள். அமெரிக்க மீட்டர்களில் பொதுவாக 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 18 புரி. விடிஓவில் 18 மி.மீ., 1.5 மி.மீ. பிட்ச் (புரிக்கும் புரிக்கும் உள்ள இடைவெளி). இரண்டிலும் ‘18’ வருகிறது என்று குழம்பாதீர்கள், குறுக்களவில் 2 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது.

கார் மீட்டரே இல்லாமல் போவது

‘அபூர்வமான கார் மீட்டர்’ என்று சுற்றிவரும் சில உருப்படிகள் காரைக் கண்டதே இல்லை. தூரத்துக்குப் பதிலாக மணிநேரம் எண்ணும் ஆர்பிஎம் மீட்டர் என்றால் டிராக்டர், படகு, ஜெனரேட்டர் பக்கம் தேடுங்கள். ஆயில் பிரஷர் கேஜின் முதுகில் கிரீடமும் ‘ஏ.எம்.’ எழுத்தும், 6ஏ என்று தொடங்கும் எண்ணும் இருந்தால் அது பிரிட்டிஷ் விமானப்படைச் சரக்கு. அம்புக்குறி முத்திரை ராணுவ உடைமை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாகக் கிடைத்த இந்தக் கேஜ்களைச் சொந்தமாக ரேஸ் கார் கட்டியவர்கள் மாட்டிக்கொண்டதும் உண்மை. ஆகவே பழைய காரிலிருந்து கழற்றியது என்ற பேச்சு உண்மையாகவே இருந்தாலும் அந்தக் கார் கம்பெனிக்கும் அந்தக் கேஜுக்கும் சம்பந்தம் இருக்காது.

முள் இடமிருந்து வலமாக ஓடாமல் எதிர்த்திசையில் ஓடினால் போலி என்று ஒதுக்குவதும் உண்டு. ஐம்பதுகளின் ஜாகுவார் எக்ஸ்கே கார்களின் ஆர்பிஎம் மீட்டர் அப்படித்தான் ஓடும். முள் வழுக்கிக்கொண்டு ஏறாமல் தத்தித் தத்தி ஏறினாலும் பழுது என்று பிரிக்க வேண்டாம். கடிகாரப் பொறியால் அளக்கும் குரோனோமெட்ரிக் வகையின் இயல்பே அது.

துடைப்பதும் திறப்பதும்

இது அடையாளத்தையே அழித்துவிடும் தவறு. டயல் எழுத்து வெறும் மை. கண்ணாடி துடைக்கும் திரவம் பட்டால் முதலில் போவது அந்தப் பொடி எண்தான். திறக்கும் முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள், பின்புறம், மரை, பல்ப் துளைகள் உட்பட. ஸ்மித்ஸ் வளையம் பெரும்பாலும் திருகினால் கழன்றுவிடும். விடிஓ வளையத்தை ஆலையிலேயே மடக்கி அழுத்தியிருப்பார்கள். அந்த மடிப்பில் ஸ்க்ரூடிரைவர் தடம் இருந்தால் முன்னமே யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள்.

போருக்கு முந்தைய டயலிலும் விமான மீட்டரிலும் எண்கள் பழுப்பு நிறத்தில் தடிப்பாகப் பூசியிருந்தால் தொடாதீர்கள். அது ரேடியம் கலந்த பூச்சாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்பதால் செத்துப்போனது என்று நினைக்கக் கூடாது. ஒளிரும் துத்தநாக சல்பைடுதான் கெட்டிருக்கும், ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு. சுரண்டினால் பறக்கும் தூள் மூச்சில் போகும். அதைத் திறக்காமல் அப்படியே வைத்து, பின்பக்க எண்களையும் படங்களையும் மட்டும் மீட்டர் ரிப்பேரில் பழகிய ஒருவரிடம் காட்டுங்கள்.