நெல்லை வெயிலுக்கு ஏற்ற பாம்புப் பெட்டி

பாம்புப் பெட்டி செய்யக் கற்றுத்தரும் காணொளிகள் பெரும்பாலும் குளிர்நாடுகளிலிருந்து வருவதால், பெட்டிக்குள் சூட்டைத் தேக்கி வைப்பதே அவற்றின் கவலையாக இருக்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியை ஒட்டிக் காயும் பாளையங்கோட்டையில் நமக்கு வேண்டியது நேர்மாறானது. உள்ளே சேரும் சூடு வெளியேற வழி வேண்டும்.

வேலையில் இறங்குமுன் ஒன்று. வயலில் பிடித்த சாரையையோ மலைப்பாம்புக் குட்டியையோ வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் (ball python) போன்ற அயல்நாட்டுப் பாம்பு வைத்திருப்போரும் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வளர்ந்த பால் பைத்தானுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள பெட்டி பொருந்தும். இந்த அளவில் ஒரு சிக்கனம் ஒளிந்திருக்கிறது. எட்டுக்கு நாலு அடியுள்ள 18 மி.மீ. ப்ளைவுட் ஷீட் ஒன்றைக் கடையிலேயே நான்கு சம துண்டுகளாக அறுத்து வாங்கினால், மூன்று துண்டுகள் மேல், கீழ், பின் பலகைகளாகும். நான்காவதை இரண்டாக வெட்டினால் பக்கப் பலகைகள் கிடைத்துவிடும். பக்கப் பலகைகளின் ஆழத்தில் மட்டும் 18 மி.மீ. குறைத்துக்கொண்டால், அவற்றின் பின்னால் பின்பலகை முழு நீளத்துக்கும் வந்து உட்காரும். உள்ளூரில் ஈரத்தை ஓரளவு தாங்கும் சாதாரண எம்.ஆர். ப்ளைவுட் போதும், சாரல் அடிக்கும் தென்காசி, குற்றாலம் பக்கத்தில் இருப்பவர்கள் தண்ணீரையே தாங்கும் மரைன் ப்ளைவுட்டை, அதாவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ளதை, வாங்குவது நல்லது. கறையான் ஏறாது என்று வேப்பம்பலகையைச் சொல்லும் ஆசாரிமார் உண்டு. வாசனையுள்ள மரத்தை மூடிய பெட்டிக்குள் வைக்க எனக்கு மனமில்லை.

உட்புறத்துக்குத் தண்ணீர் அடிப்படையிலான (water-based) பாலியூரிதேன் வார்னிஷை மூன்று கோட் அடித்துக் காயவிட்ட பிறகே மூட்டுகளில் மீன்தொட்டி சிலிகானை இழுக்க வேண்டும். சிலிகான் மீது வார்னிஷ் பிடிக்காது என்பதால் வரிசை மாறினால் மூட்டோரம் வெறும் மரமாகவே நின்று தண்ணீர் குடிக்கும். மூக்கைப் பெட்டிக்குள் நுழைத்தாலும் வாடையே வராத நாள்வரை, குறைந்தது ஒரு வாரமாவது, பெட்டியைத் திறந்தே வைக்க வேண்டும்.

காற்றுத்துளைகளில்தான் நான் தவறினேன். முதல் பெட்டியில் இரு பக்கமும் ஒரே உயரத்தில் துளையிட்டேன். அந்த மே மாதம் பாம்பு பகல் முழுவதும் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடந்தது. சூடான முனையில் மேலேயும் குளிர்ந்த முனையில் கீழேயும் துளையிட்டால், சூடான காற்று மேல்வழியே வெளியேற, கீழ்வழியே புதுக்காற்று நுழையும். துளைகளுக்கு உட்புறமாகத் துருப்பிடிக்காத கம்பிவலையை அடிக்க வேண்டும்.

முன்புறம் கீழே 4 அங்குலமும் மேலே 2 அங்குலமும் ரீப்பர் பலகை அடித்து, இடையில் 5 மி.மீ. கண்ணாடிகள் இரண்டை, நடுவில் ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி, சானலில் ஓடவிடலாம். மேல் சானல் கீழ்ச் சானலைவிட ஆழமாக இருந்தால்தான் கண்ணாடியை மேலே தூக்கி, அடிப்பக்கத்தைக் கீழே இறக்கி உட்காரவைக்க முடியும். ஷோகேஸ் பூட்டு கட்டாயம். கண்ணாடியை மூக்கால் தள்ளித் திறப்பது பாம்புக்குப் பெரிய வேலையில்லை. குட்டிப் பாம்பென்றால் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள இடுக்கையும் அடைத்தாக வேண்டும்.

குறித்த சூட்டை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்தச் சூடாக்கியையும் இணைக்கக் கூடாது. உள்ளே பல்பு வைத்தால் அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டும் வேண்டும். சூடான முனை 32 டிகிரி அளவிலும் மறுமுனை 26, 27 டிகிரியிலும் இருப்பது நல்லது. பாம்பை விடுமுன் காலிப் பெட்டியை மூன்று நாள் இயக்கி, இரு முனைகளிலும் வெப்பமானி வைத்து, பிற்பகல் இரண்டு மணிக்கும் விடிகாலையிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சூடாக்கியை அணைத்த பிறகும் குளிர்ந்த முனை 30 டிகிரியைத் தாண்டினால், மொட்டைமாடிக்கு நேர் கீழேயுள்ள அறையைக் கைவிட்டு, பெட்டியைத் தரைத்தளத்துக்கு இறக்கிவிடுங்கள்.