கியர் விழவில்லை என்றதும் இன்ஜினில் கை வைக்காதீர்கள்

போன வாரம் கோத்தகிரியில் என் பட்டறைக்கு ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக், பிக்கப் வண்டியில் வந்து இறங்கியது. வண்டி தனி, இன்ஜின் தனி. இன்ஜின் சாக்குப் பையில் இருந்தது. "கியர் பாக்ஸ் போயிருச்சுங்ணா, நானே பிரிச்சுட்டேன்" என்றான் பையன். பினியன்களை, அதாவது கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பல்சக்கரங்களை, துடைத்துப் பார்த்தேன். ஒரு பல்கூட மழுங்கவில்லை. கிளட்ச் கேபிளைப் பார்த்தாயா என்று கேட்டால், "அது புதுசுங்ணா" என்கிறான்.

அவனைத் திட்ட வாய் வரவில்லை. நானும் இதே வேலையைச் செய்தவன்தான். ஆயில் அளவு பார், செயின் தொய்வைப் பார் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, அதை விட்டுவிடுகிறேன். கியர் முரண்டு பிடிக்கும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கிளட்ச் செய்த குற்றத்துக்குக் கியர் பாக்ஸைப் பிரிப்பது

நான் பட்டறை வைப்பதற்கு முன்னால், பழைய ஆர்.எக்ஸ். 100 ஒன்றை வாங்கினேன். மேட்டுப்பாளையம் சமவெளியில் வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல் கியர் விழும். பர்லியாரைத் தாண்டிக் குன்னூர் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு வந்தால் மட்டும் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்காது. மிதித்தால் கால் வலிக்கும். பின்னால் பஸ்காரர் ஹாரனை அடிப்பார்.

அடிவாரத்தில் ஒரு மெக்கானிக், கியர் பாக்ஸுக்குள் பினியனை நகர்த்தும் ஃபோர்க் வளைந்துவிட்டது என்றார். இன்ஜினின் கூடான கிராங்க் கேஸைப் பிளந்தார். ஃபோர்க், இரண்டு பினியன், பேரிங், ஆயில் சீல். இந்த வண்டி உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது, ஒரிஜினல் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்று வாரம் ஓடியது, ஒன்பதாயிரம் ரூபாய் போனது. வண்டியை எடுத்து மலை ஏறினால் அதே வளைவு, அதே முரண்டு. கூடுதலாகக் கேஸ் இணைப்பிலிருந்து ஆயில் சொட்ட ஆரம்பித்திருந்தது.

குன்னூரில் வயதான மெக்கானிக் ஒருவர் ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. ஹேண்டில் பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினார், கிளட்ச் லீவரைப் பிடித்தார், குனிந்து, கேபிள் இழுக்கும் இன்ஜின் பக்கத்துக் கிளட்ச் ஆர்ம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். நேராக இருக்கும்போது நன்றாக நகர்ந்தது, திருப்பினால் பாதிதான். ஹெட்லைட்டுக்குக் கீழே, கிளட்ச் கேபிளின் மேல் ரப்பருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் உடைந்திருந்தது. வளைவில் ஹேண்டிலைத் திருப்பும்போது அந்த இடம் மடங்கி, நாம் இழுக்கும் இழுப்பில் பாதியைத் தின்றுவிடுகிறது. கிளட்ச் முழுசாக விடுபடாது, கியரின் மேல் பாரம் இருந்துகொண்டே இருக்கும், பிறகு எப்படி இறங்கும்? எண்பது ரூபாய்க் கேபிள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆகவே பிரிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போடுங்கள். எல்லாம் விழுந்தால் கியர் பாக்ஸ் மேல் பெரும்பாலும் பழி இல்லை. ஸ்டார்ட் செய்தபின் மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச்தான். கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கேபிள் புதிது என்பதால் விட்டுவிடாதீர்கள், கழுத்தில் தப்பான பக்கமாகச் சுற்றிப் போட்டிருந்தாலும் இதே கூத்துதான். அதற்கும் மசியாவிட்டால் கிளட்ச் கவரை மட்டும் கழற்றி, கிளட்ச் பிளேட்டுகளைத் தாங்கும் ஹவுசிங்கின் விரல் போன்ற நீட்டங்களில் அந்தப் பிளேட்டுகள் பள்ளம் போட்டிருக்கின்றனவா என்று பார்க்கலாம். கிராங்க் கேஸைத் தொட வேண்டியதில்லை.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் முதல் கியர் 'டக்'கென்று விழுவது நோய் இல்லை. ஆயில் கெட்டியாகிப் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. கிளட்சைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை கிக்கரை மிதித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

கார் ஆயில்

ஊற்றாதீர்கள். கிளட்ச் வழுக்கக்கூடும்.

விழுந்த வண்டியின் கியர் லீவரைப் பார்க்காமல் விடுவது

தேயிலைத் தோட்டத்துச் சரளைப் பாதையில் சாய்ந்த வண்டிக்கு லீவர் உள்பக்கம் வளைந்து கவரில் இடிக்கும். லீவரின் உள்பல் தேய்ந்திருந்தால் கால் மட்டும்தான் போகும், ஷாஃப்ட் திரும்பாது. மிதித்த லீவர் தானாகத் திரும்பி வரவில்லை என்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங். பெரும்பாலான வண்டிகளில் அதுவும் கிளட்ச் கவருக்குப் பின்னால்தான்.

வலது கால் கியர் உள்ள பழைய புல்லட்

இதில் கியர் பாக்ஸ் இன்ஜினிலிருந்து தனி. இரண்டு கியருக்கு நடுவே எந்தக் கியரும் பிடிக்காத பொய் நியூட்ரல் விழுகிறதா? முதலில், கால் மிதிப்பைக் கியருக்குக் கடத்தும் அமைப்பில் உள்ள ராட்செட் பிளேட்டின் இடத்தைச் சரிசெய்யுங்கள்.

தானாகக் கழலும் கியரோடு ஓட்டுவது

இது ஒன்றில் மட்டும் நானே பிரிக்கச் சொல்வேன். ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கும்போதோ இறக்கத்தில் விடும்போதோ கியர் துள்ளி வெளியே வந்தால், பினியனின் பக்கவாட்டுப் பற்கள் மழுங்கியிருக்கும், இல்லை ஃபோர்க் வளைந்திருக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது இரண்டாம் கியர் கழன்றால் கையில் மிஞ்சுவது பிரேக் மட்டும், அதுவும் சூடேறிப்போன டிரம் பிரேக். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

சரி, பையனின் வண்டிக்கு வருவோம். கேபிள் புதிதுதான். ஆனால் ஹேண்டிலைத் திருப்பி ஆர்ம் நகர்கிறதா என்று பார்க்க முடியவில்லை, இன்ஜின்தான் சாக்கில் இருக்கிறதே. கோயம்புத்தூரிலிருந்து கேஸ்கெட் வந்தபின் பூட்டித்தான் பார்க்க வேண்டும்.