திருகோணமலையிலிருந்து 1954ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குக் கோச்சி ஏறுவது எப்படி

பழைய அமெரிக்க நகரப் படங்களைப் பார்த்தால் மனசு எங்கேயோ போய்விடுகிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தொப்பி போட்ட ஆண்கள், கையுறை போட்ட பெண்கள், மழையில் நனைந்த தெருவில் நியோன் விளக்கு. அங்கே பிறக்கவும் இல்லை, இன்றுவரை போனதும் இல்லை, ஆனால் பார்க்கும்போது விட்டுவந்த ஊரைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. எனக்கு அது சின்ன வயதிலேயே தொடங்கிவிட்டது. 1944 மார்ச் கடைசியில் சரட்டோகா என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் நம்முடைய துறைமுகத்துக்கு வந்தது. அப்போது டொக்யார்ட்டில் வேலை செய்த என் அம்மப்பாவுக்கு அந்தக் கப்பல் பொடியன் ஒருவன் ஒரு தபாலட்டையைக் கொடுத்துவிட்டுப் போனான். நியூயோர்க் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனின் பெரிய மண்டபம், மேலே ஜன்னலிலிருந்து சாய்ந்து விழும் வெயில். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. அது இன்னும் எங்கள் சாமியறைத் தட்டில்தான் இருக்கிறது.

பல வருடம் நானும் இன்டர்நெட்டில் படம் படமாகத் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் ஒன்றும் நிற்காது. பிறகுதான் ஒரு வழி பிடிபட்டது. ஒரு தேதி, ஒரு டிக்கெட், ஒரு ஆள். இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டு, அந்தக் காலத்து நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து மனசுக்குள்ளே கோச்சியில், அதாவது ரயிலில், பயணம் போவது. வேண்டியது ஒரு போன், கொஞ்சம் டேட்டா, ஒரு கொப்பி, ஒரு பென்சில், நாலு நாள். மாரி தொடங்கினால் கரண்டும் சிக்னலும் எப்படி என்று நம் ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதனால் வேண்டிய பக்கங்களையெல்லாம் முதலே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி. "ஐம்பதுகள்" என்று பொதுவாக வைத்துக்கொண்டால் எல்லாம் குழம்பிப்போகும். நியூயோர்க் சுரங்க ரயிலுக்கு 1948 வரை 5 சதம், பிறகு 10 சதம், 1953இல் 15 சதமாக்கி டோக்கன் கொண்டுவந்தார்கள். மூன்றாம் அவெனியூவில் தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடிய ரயில் 1955 மே 12ஆம் தேதியோடு மன்ஹாட்டனில் நின்றுவிட்டது. பெரும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் 1956இல். ஜெட் விமானத்தில் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் போவது 1959 ஜனவரியிலிருந்து. ஒரு வருடம் முன்னே பின்னே போனாலும் வேறு உலகம். நான் எடுத்தது 1954 ஒக்டோபர் 12, செவ்வாய்க்கிழமை. மேலே ஓடும் ரயிலும் இருக்கிறது, பென் ஸ்டேஷன் என்ற பழைய பெரிய ரயில் நிலையமும் இடிபடாமல் நிற்கிறது, நீண்ட தூரக் கோச்சிகள் இன்னும் மரியாதையோடு ஓடுகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. அந்த வாரம் வெள்ளிக்கிழமை 15ஆம் தேதி ஹேசல் புயல் கரோலைனா கரையில் ஏறி, அன்றைக்கே நியூயோர்க்கையும் அடித்தது. 1964 டிசம்பரில் நம் ஊரை அடித்த புயலின் கதை கேட்டு வளர்ந்தவன் நான், அதற்கு முதலே கிளம்பிவிட வேண்டும் என்று பட்டது.

அடுத்தது நேர அட்டவணை, இதுதான் முழுப் பயணத்துக்கும் முதுகெலும்பு. இன்டர்நெட் ஆர்கைவிலும், ஸ்ட்ரீம்லைனர் மெமரீஸ் என்ற தளத்திலும் பழைய ரயில் கம்பெனிகளின் அட்டவணைகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், காசு இல்லை. உங்கள் தேதிக்குக் கிட்டிய பதிப்பைத் தேடி எடுங்கள். முதல் தடவை பார்த்தால் தலை சுற்றும். சில விஷயம் தெரிந்தால் போதும். மெல்லிய எழுத்தில் அச்சிட்ட நேரம் நடுஇரவிலிருந்து நண்பகல் வரைக்கும், தடித்த எழுத்து அதற்குப் பிறகு. பெரும்பாலும் மேற்கே போகும் கோச்சிக்கு ஒற்றை எண், கிழக்கே வருவதற்கு இரட்டை எண். நேரத்துக்குப் பக்கத்தில் சின்ன எஃப் எழுத்து இருந்தால், கை காட்டினால் அல்லது இறங்க ஆள் இருந்தால் மட்டும் நிற்கும். போகிற வழியில் மணிக்கூட்டையும் மாற்ற வேண்டும், சிக்காகோவில் நியூயோர்க்கைவிட ஒரு மணித்தியாலம் குறைவு, டென்வரில் இன்னொன்று, கலிபோர்னியாவில் இன்னொன்று. கோடை காலத்தில் நகரங்கள் மணிக்கூட்டை முன்தள்ளினாலும் ரயில் கம்பெனிகள் பழைய நேரத்திலேயே அட்டவணை அடித்தன. ஒக்டோபர் நடுப்பகுதியை எடுத்தால் அன்றைக்கு அந்தக் குழப்பமும் இல்லை.

அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே அடுத்த நாள் விடிய 4.30. அந்த நேரப்படியே எழும்பி இருந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், நான் செய்து பார்த்தேன், இரண்டாம் நாளே உடம்பு கேட்காது. அங்கே 6 மணி என்றால் இங்கேயும் 6 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நியூயோர்க்கில் ஒரு முழு நாள். கையில் காசு வேண்டும், அதனால் கொப்பியில் கணக்கு எழுதத் தொடங்குங்கள். அந்தக் காலத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய நாலே முக்கால் இலங்கை ரூபாய். 15 சதச் சுரங்க ரயில் டிக்கெட் நம் காசில் 71 சதம் வரும். இப்படி ஒவ்வொன்றாக மாற்றி எழுதும்போதுதான் அது அலங்காரப் படமாக இல்லாமல் ஆட்கள் செலவு பார்த்து வாழ்ந்த ஊராகிறது. சாப்பாட்டுக்கு ஹோர்ன் அண்ட் ஹார்டார்ட் நடத்திய ஓட்டோமாட் கடைக்குப் போங்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள், உள்ளே பை, சான்ட்விச், அவரைக்காய் வேகவைத்தது. 5 சதக் குற்றியைப் போட்டுக் குமிழைத் திருப்பினால் கதவு திறக்கும். கோப்பி டொல்பின் தலை வடிவக் குழாயிலிருந்து வரும், 1950 வரை 5 சதம், நீங்கள் போகும்போது 10. ஆபீஸ் மேலாளரும் வேலை தேடி அலைகிறவனும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்ட இடம் அது. பழைய நியூயோர்க்கில் எனக்கு ஒரே ஒரு இடம்தான் தருவோம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

எங்கே நடப்பது என்று கேட்டால், இதற்கு ஒரு புதையல் இருக்கிறது. 1939இலிருந்து 1941 வரை நியூயோர்க் மாநகரம் வரி மதிப்பீட்டுக்காக ஐந்து பிரிவுகளிலும் இருந்த கட்டடங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தது. மாநகர ஆவணக் காப்பகம் 2018இல் அவற்றை எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிட்டது, 7 லட்சத்துக்கு மேல் படங்கள். ஒரு தெருவைத் தெரிவுசெய்து கதவு கதவாகப் பாருங்கள். சலவைக் கடை, சவப்பெட்டிக் கடை, வாசல் படியில் இருந்து கமெராவை முறைத்துப் பார்க்கும் பொடியன். உங்கள் தேதிக்குப் பதினைந்து வருடம் முந்தியவைதான், ஆனால் செங்கல் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. பிறகு இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 72 வருடம் பூட்டியிருந்து 2022 ஏப்ரல் 1 அன்று திறந்துவிடப்பட்டன, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அந்தக் கட்டடத்தில் யார் இருந்தார்கள், எந்த நாட்டில் பிறந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று கணக்கெடுத்தவரின் கையெழுத்திலேயே இருக்கும். மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரர், பக்கத்து வீட்டில் விதவைத் தாயும் டெலிபோன் ஒபரேட்டர் மகளும், இப்படி வாசிக்க வாசிக்க அந்தப் படத்தின் ஜன்னல்களில் ஆள் நடமாட்டம் வந்துவிடும். நான் ஒரு பின்னேரம் முழுக்க ஒரே ஒரு கட்டடத்தில் இருந்துவிட்டேன்.

தூரம் உடம்பில் ஏற வேண்டும் என்றால் நம் ஊரிலேயே நடந்து பாருங்கள். மன்ஹாட்டனில் வடக்குத் தெற்காக 20 குறுக்குத் தெரு ஏறக்குறைய ஒரு மைல். உட்துறைமுக வீதியில் கடலைப் பார்த்தபடி 1.6 கிலோமீற்றர் நடந்தால், 42ஆம் தெரு கிராண்ட் சென்ட்ரலிலிருந்து 22ஆம் தெருவுக்கு நடந்த கணக்கு. காதில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், வாஷிங்டன் வானொலி நிலையம் ஒன்று 1939 செப்டெம்பர் 21 அன்று காலையிலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை ஒலிபரப்பிய முழுவதும் பதிவாக இன்டர்நெட் ஆர்கைவில் கிடக்கிறது. வேறு நகரம், பழைய வருடம், ஆனாலும் விளம்பரமும் செய்தியும் நாடகமும் இடைவிடாமல் வரும்போது நேரம் போவதே தெரியாது.

இனி மூன்றாவது, ஆள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது நம்மையறியாமல் தொப்பி போட்ட வெள்ளைக்காரனாகத்தான் நாம் நடக்கிறோம். நம் நிறத்தில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? 1955 ஆகஸ்டில் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் ஜி. எல். மேத்தாவை ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் வேறு அறைக்குப் போகச் சொன்னார்கள், பிறகு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. தூதருக்கே அப்படி. ஹார்லெமில் வாழ்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936இலிருந்து பெரும்பாலும் வருடா வருடம் ஒரு சின்னக் கையேடு அச்சிட்டார், கறுப்பின மக்கள் அவமானப்படாமல் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் அடிக்கலாம் என்ற பட்டியல். நியூயோர்க் பொது நூலகம் அவற்றை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது. உங்கள் தங்குமிடத்தை அதிலிருந்து எடுங்கள். நான் எடுத்தது ஹார்லெம் 125ஆம் தெருவில் இருந்த ஹோட்டல் தெரேசா. போர்க்காலத்தில் செக்பொயின்ட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் நாங்கள், வீதியில் இறங்க முதல் எங்கே நிற்பது, எங்கே நிற்கக்கூடாது என்று யோசிப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். அந்தக் கையேட்டை வாசித்த பிறகு பழைய படங்கள் மேல் எனக்கிருந்த ஆசை குறையவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் பெட்டி தூக்கி நிற்கிறவரை இப்போது முதலில் பார்க்கிறேன்.

சரி, மாலையாகிவிட்டது, கோச்சி ஏறுவோம். கிராண்ட் சென்ட்ரலில் டுவென்டியத் சென்சுரி லிமிட்டட், எண் 25. மேடையில் சிவப்புக் கம்பளம் விரித்திருப்பார்கள். சிக்காகோவுக்கு 16 மணித்தியாலம். இடது பக்கம் இருங்கள், ஹட்சன் ஆறு அந்தப் பக்கம்தான். ஹார்மனில் மின்சார எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பூட்டுவார்கள், அந்தச் சின்ன உதறலை நம் இரவு மெயிலில் தூங்கிப்போனவர்கள் எல்லாருக்கும் தெரியும். உண்மையில், முடிந்தால் இந்த முதல் இரவைக் கொழும்புக்குப் போகும் நம் இரவு மெயிலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கல்லோயாச் சந்தியில் கோச்சி நிற்கும்போது அட்டவணையைத் திறந்து, இந்நேரம் எந்த ஸ்டேஷன் தாண்டியிருக்கும் என்று பாருங்கள். படுக்கையை விரித்துத் தருகிற போர்ட்டரையும் மறக்க வேண்டாம். புல்மன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த போர்ட்டர்களில் பெரும்பாலானோர் கறுப்பின ஆண்கள், சொந்தப் பெயர் இருக்க "ஜோர்ஜ்" என்றே கூப்பிடப்பட்டவர்கள். ஃபிலிப் ராண்டோல்ஃப் தலைமையில் 1925இல் சங்கம் அமைத்து, 12 வருடம் போராடி 1937இல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள்.

சிக்காகோவில் லாசால் தெரு ஸ்டேஷனில் இறங்கி யூனியன் ஸ்டேஷனுக்கு மாற வேண்டும், நாட்டைக் குறுக்கே கடக்கிற பெரும்பாலானோருக்குச் சிக்காகோவில் கோச்சி மாற்றம் உண்டு. பின்னேரம் கலிபோர்னியா ஸெஃபைர், எண் 17. 1949இல் தொடங்கியது, கூரையில் கண்ணாடிக் குமிழ் வைத்த பெட்டிகளோடு. ரொக்கி மலையும் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் பகல் வெளிச்சத்தில் வருகிற மாதிரி நேரத்தையே அமைத்திருந்தார்கள். வேகத்தைவிடக் காட்சியையே பெருமையாகச் சொல்லி விற்றவர்கள், எனக்கு அவர்களைப் பிடிக்கும். மறுநாள் காலை டென்வர், பிறகு பத்துக் கிலோமீற்றர் மொஃபாட் சுரங்கம். இன்றைக்கும் அதே பெயரில் அம்ட்ராக் என்ற அமெரிக்க ரயில் கம்பெனி ஒரு கோச்சி ஓட்டுகிறது, டென்வரிலிருந்து சோல்ட் லேக் சிட்டி வரை பெரும்பாலும் அதே பாதை, பயணிகள் எடுத்த நீளமான வீடியோக்கள் யூடியூபில் நிறைய உண்டு. சத்தத்தை மட்டும் குறைக்காதீர்கள். மேற்கே அது வேறு மலைவழி போகிறது, அதனால் ஃபெதர் ஆற்றுக்கு வரைபடத்தைத்தான் நம்ப வேண்டும்.

நான் இப்படிப் போன அந்த மூன்று நாளும் அம்மம்மா குசினியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார், "இப்ப எங்க மகன் கோச்சி?" நெப்ராஸ்கா என்பேன், மலைக்கு மேலே என்பேன். தொண்ணூறு வயது, கொழும்பைத் தாண்டிப் போனதில்லை, ஒவ்வொரு பெயரையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓக்லண்ட் வந்தது, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோ. கொப்பியில் கடைசி நேரத்தை எழுதினேன்.

"இறங்கிட்டியா?" என்று கேட்டார்.

இறங்கிவிட்டேன் அம்மம்மா என்றேன்.

"சரி, கை கால் கழுவிட்டு வா. புட்டு ஆறுது."