சுடுநீர்த் தொட்டிக்கு எந்தக் குளோரின்? தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

சுடுநீர்த் தொட்டி வாங்கிய முதல் இரண்டு மாதங்கள் நான் டைகுளோர் என்னும் குளோரின் தூளை மட்டுமே பயன்படுத்தினேன். நாள் தவறாமல் அளந்து போட்டேன். சோதனைத் தாளும் நாள் தவறாமல் குளோரின் 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) என்று காட்டியது. ஆயினும் ஒன்பதாவது வாரத்தில் நீர் பால் கலந்ததுபோல் மங்கியது. என் மகளின் இடுப்பிலும் தோளிலும், நீச்சலுடை ஒட்டியிருந்த இடங்களில், சிவந்த சிறு தடிப்புகள் எழுந்தன. மயிர்க்கால்களில் சூடோமோனாஸ் கிருமி தொற்றியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். குளோரின் இருந்தும் கிருமி எப்படிப் பிழைத்தது என்று கண்டுபிடிக்க எனக்கு மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. குளோரினைத் தேர்ந்தெடுத்தபோது அதன் கொல்லும் திறனை மட்டுமே பார்த்தேன். அது வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு தண்ணீரில் எதை விட்டுச் செல்கிறது என்பதைப் பார்க்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வியைக் கொண்டு தேர்ந்தெடுப்பது எப்படி என்பதையே கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

நீச்சல் குளத்துக்குச் சொல்லப்படும் அறிவுரைகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சுடுநீர்த் தொட்டியின் வெப்பம் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ். நீரின் அளவு சிறியது. இறங்குவோர் விடும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அந்தச் சிறிய நீரிலேயே தங்குகின்றன. லெஜியோனெல்லா போன்ற கிருமிகளுக்கும் இந்த வெதுவெதுப்பு பிடித்தமானது. நீரைப் பீச்சும் ஜெட்டுகள் கிளப்பும் நுண்திவலைகளோடு அவை நுரையீரலுக்குள் போய்விடும். 1999இல் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டி ஒன்றிலிருந்து பரவிய லெஜியோனெல்லா இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அவர்கள் தொட்டிக்குள் இறங்கியவர்கள் அல்லர், அந்த வழியாக நடந்து சென்ற பார்வையாளர்கள்.

படி 1: தொட்டியின் கொள்ளளவையும் சோதனைப் பெட்டியையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்

எல்லாக் கணக்கும் கொள்ளளவிலிருந்தே தொடங்குகிறது. ஒரு பிபிஎம் என்பது ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். 1,500 லிட்டர் தொட்டியில் குளோரினை 1 பிபிஎம் உயர்த்த 1.5 கிராம் தூய குளோரின் வேண்டும். இந்தக் கட்டுரையின் எல்லா அளவுகளும் 1,500 லிட்டருக்கானவை. உங்கள் தொட்டிக்கேற்ப கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

சோதனைத் தாள்களை நான் இப்போது வாங்குவதில்லை. நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டு 3க்கும் 5க்கும் வேறுபாடு காண்பது கடினம். ஈரம் பட்டால் தாளும் கெட்டுவிடும். சொட்டு எண்ணிப் பார்க்கும் சோதனைப் பெட்டியே சிறந்தது. கட்டற்ற குளோரின் (இன்னும் செலவாகாதது), சேர்ந்த குளோரின் (வியர்வை போன்றவற்றோடு வினைபுரிந்துவிட்டது), பி.எச். (அமில-கார அளவு), காரத்தன்மை, சயனூரிக் அமிலம் (அது என்ன என்பது படி 3இல்) ஆகிய ஐந்தையும் அது அளக்க வேண்டும். சயனூரிக் அமிலச் சோதனை இல்லாத மலிவான பெட்டியை வாங்கியதே என் முதல் தவறு.

படி 2: பெட்டியின் முகப்பை விட்டுவிட்டு, மூலப்பொருள் வரியைப் படியுங்கள்

முகப்பில் "அதிர்ச்சி மருந்து", "தூய்மைத் துகள்" என்று எது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் கீழ்க்கண்ட நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

டிரைகுளோர் வில்லைகளாக வரும். ஏறத்தாழ 90 சதவீதம் குளோரின் தரும். ஆனால் கரைசல் கடும் அமிலம், பி.எச். 3க்கு அருகில் இருக்கும். மெதுவாகக் கரைவதால் மிதவையில் வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று தோன்றும். மூடிய தொட்டியில் அந்த மிதவை ஒரே மூலையில் ஒதுங்கி நின்றால் அக்ரிலிக் பரப்பையும் வெப்பமூட்டியையும் அமிலம் அரித்துவிடும். சுடுநீர்த் தொட்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் குளோரின் 65 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் நீரின் கடினத்தன்மை ஏறத்தாழ 7 பிபிஎம் கூடும். சூடான நீரில் அந்தக் கால்சியம் வெப்பமூட்டியின் மேல் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். உங்கள் நீர் மிக மென்மையானதாக இருந்தால் ஒழிய இதைத் தவிர்க்கலாம். சாதாரண பிளீச்சிங் பவுடர் இதைவிட மோசம். அதில் கரையாத சுண்ணாம்பு நிறைய இருப்பதால் வடிகட்டி அடைத்துவிடும்.

டைகுளோர் துகள்கள் விரைவில் கரையும், பி.எச். நடுநிலைக்கு அருகில் இருக்கும், வாசனையும் உறுத்தாது. தொடங்குபவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில் நியாயம் இருக்கிறது. சிக்கல் எங்கே என்பது அடுத்த படியில்.

திரவக் குளோரின் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். வேலை முடிந்ததும் இது விட்டுச் செல்வது சிறிதளவு உப்பு மட்டுமே. ஆனால் நாள் ஆக ஆக, வெப்பம் கூடக் கூட, இதன் வலிமை குறையும். ஆகவே சிறிய கேன்களாக வாங்கி நிழலில் வையுங்கள். வீட்டு பிளீச்சும் இதே பொருள்தான், வலிமை மட்டும் குறைவு. நறுமணமோ கெட்டிப்படுத்தும் பொருளோ சோப்போ கலந்த வகையை மட்டும் தொட்டிக்கு அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். நுரை பொங்கி நீர் முழுவதும் வீணாகும்.

படி 3: சயனூரிக் அமிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டைகுளோரிலும் டிரைகுளோரிலும் குளோரின் தனியாக வருவதில்லை. சயனூரிக் அமிலத்தோடு பிணைந்தே வருகிறது. 10 பிபிஎம் குளோரினை டைகுளோர் வழியாகச் சேர்த்தால் 9 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேர்ந்துவிடும். குளோரின் கிருமிகளோடும் வியர்வையோடும் வினைபுரிந்து செலவாகிவிடும். அமிலமோ ஆவியாவதுமில்லை, வடிகட்டியில் சிக்குவதுமில்லை. நீரை மாற்றும்வரை அங்கேயே இருக்கும்.

வெயில் படும் திறந்த குளத்தில் இந்த அமிலத்துக்கு ஒரு பயன் உண்டு: குளோரினைப் பிடித்துவைத்துச் சூரிய ஒளி அழிக்காமல் காக்கும். மூடி போட்ட தொட்டியில் அந்தத் தேவை மிகக் குறைவு. ஆனால் பிடித்துவைக்கும் வேலை மட்டும் நிற்பதில்லை. கிருமியை உண்மையில் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் அளவு, சயனூரிக் அமிலம் ஏற ஏறச் சரிந்துகொண்டே போகும். இதைச் சோதனை காட்டிக்கொடுக்காது. சோதனை மருந்து கட்டற்ற குளோரினை உறிஞ்ச உறிஞ்ச, பிணைந்திருந்த குளோரினும் அவிழ்ந்து வந்து கணக்கில் சேர்ந்துவிடும். கணக்கேட்டில் இருப்பு இருக்கும், கையில் காசு இருக்காது என்ற நிலை அது. என் தாள் காட்டிய 4 பிபிஎம் அப்படிப்பட்ட இருப்புதான்.

புதிய சோதனைப் பெட்டி வந்த அன்று மாலை, தொட்டி நீரையும் சயனூரிக் அமிலச் சோதனை மருந்தையும் சம அளவில் கலந்து, அடியில் கறுப்புப் புள்ளி இருக்கும் குழாயில் மெல்ல மெல்ல ஊற்றினேன். எந்த உயரத்தில் புள்ளி கண்ணுக்கு மறைகிறதோ அதுவே அளவு. சில மில்லிமீட்டர் ஏறுவதற்குள் புள்ளி மறைந்துவிட்டது. அமிலம் கூடக் கூடப் புள்ளி சீக்கிரமே மறையும் என்பதால் குழாயில் பெரிய எண்கள் அடியில் இருக்கும். என் புள்ளி மறைந்தது அளவுகோலின் உச்சமான 100இன் கோட்டுக்கும் கீழே, கோடே இல்லாத இடத்தில். தொட்டி நீரில் பாதிக்குப் பாதி நல்ல நீர் கலந்து மறுபடி பார்த்தபோது 80 வந்தது, அதாவது உண்மை அளவு 160. பிறகு தாளில் கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு 8 கிராம், 60 நாள், ஆக 480 கிராம் டைகுளோர். அதன் எடையில் பாதி சயனூரிக் அமிலம். 1,500 லிட்டரால் வகுத்தால் அதே 160. பெட்டி வாங்காமலே முதல் வாரத்தில் போட்டிருக்கக்கூடிய கணக்கு அது.

படி 4: டைகுளோரில் தொடங்கி, திரவத்துக்கு மாறுங்கள்

புதிய நீர் நிரப்பியதும் முதல் பத்து நாட்கள் டைகுளோர் போடுங்கள். நாளொன்றுக்கு 8 கிராம் என்றால் அது ஏறத்தாழ 3 பிபிஎம் தரும். மொத்தம் 80 முதல் 90 கிராம் செலவானதும் சயனூரிக் அமிலம் 30 பிபிஎம் அளவை எட்டும். அங்கே டைகுளோரை நிறுத்திவிட்டுத் திரவத்துக்கு மாறுங்கள். 10 சதவீதத் திரவத்தில் 15 மில்லி ஊற்றினால் 1 பிபிஎம் உயரும். 3 பிபிஎம் வேண்டுமானால் 45 மில்லி. 5 சதவீத பிளீச் என்றால் இரட்டிப்பு அளவு.

தொடக்கத்தில் அமிலம் எதற்கு என்று கேட்கலாம். சிறிதளவு இருந்தால் சூடான நீரில் குளோரின் சட்டென்று தீராது. தோலையும் கண்ணையும் உறுத்தாது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சுடுநீர்த் தொட்டியில் சயனூரிக் அமிலமே வேண்டாம் என்றுதான் பரிந்துரைக்கிறது. பலர் பயன்படுத்தும் தொட்டியாக இருந்தாலோ, முதியோரும் நோயெதிர்ப்பு குன்றியவர்களும் இறங்குவதாக இருந்தாலோ, முதல் நாளிலிருந்தே திரவத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

அதே மையம் கூறும் குறைந்தபட்ச அளவு 3 பிபிஎம். இறங்குவதற்கு முன் அது இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வந்ததும் குளோரினைச் சேர்த்துவிடுங்கள். ஜெட்டை ஓடவிட்டு, மூடியை அரை மணி நேரம் திறந்தே வையுங்கள். உடனே மூடினால் எழும் ஆவி மூடியின் அடிப்பக்கத்தையும் தலையணைகளையும் அரிக்கும்.

படி 5: பி.எச். 7.2 முதல் 7.6 வரை

பி.எச். 7.5 ஆக இருக்கையில் பிணைப்பில்லாத குளோரினில் ஏறத்தாழ பாதி ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8 ஆனால் கால் பங்குதான். குளோரின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பி.எச்.சைக் கவனிக்காமல் விட்டால் தேர்வின் பயன் பாதியாகிவிடும்.

படி 6: கலக்காதீர்கள்

டைகுளோர் அல்லது டிரைகுளோரோடு கால்சியம் ஹைப்போகுளோரைட் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். ஒன்றில் பயன்படுத்திய கரண்டியை மற்றொன்றில் விடுவதுகூட ஆபத்து. திரவக் குளோரினோடு அமிலம் சேர்ந்தால் நச்சு வாயு எழும். எப்போதும் மருந்தைத் தொட்டி நீரில் போடுங்கள். மருந்தின்மேல் நீரை ஊற்றாதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் பின்பற்றிய சிலர், திரவத்துக்கு மாறியதும் பி.எச். ஏறிக்கொண்டே போகிறது என்று எழுதினார்கள். டைகுளோர் செலவாகும்போது நீர் சற்று அமிலமாகும். அது நின்றதும், ஜெட்டுகள் காற்றைக் கலந்து கரியமில வாயுவை வெளியேற்றுவதால் பி.எச். உயர்வது வெளிப்படையாகத் தெரிகிறது. காரத்தன்மையை 50 முதல் 60 பிபிஎம் வரை இறக்கினால் ஏற்றம் தணியும். அதற்குச் சோடியம் பைசல்பேட் என்னும் அமில உப்பைச் சிறுகச் சிறுகப் போடுங்கள், குளோரின் ஊற்றி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு.

மற்றொருவர் எவ்வளவு ஊற்றினாலும் சோதனை பூச்சியம் காட்டுகிறது என்றார். சோதனை மருந்து விட்டவுடன் இளஞ்சிவப்பு நிறம் ஒரு கணம் மின்னி மறைகிறதா என்று கேட்டேன், ஆம் என்றார். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது சோதனையின் நிறத்தையே வெளுத்துவிடும். தொட்டி நீரின் ஒரு பங்கோடு நான்கு பங்கு குளோரின் இல்லாத நீரைக் கலந்து அளந்து, விடையை ஐந்தால் பெருக்கச் சொன்னேன். அவர் தொட்டியில் 20 பிபிஎம்-க்கு மேல் இருந்தது. அப்படி ஆனால் யாரும் இறங்காமல், மூடியைத் திறந்து ஜெட்டை ஓடவிட்டு, அளவு இறங்கும்வரை காத்திருங்கள்.

ஏற்கெனவே பல மாதங்களாக டைகுளோர் மட்டும் போட்டு வருபவர்கள் பாதி நீரை மாற்றினால் போதுமா என்றும் கேட்டிருந்தார்கள். 160 பாதியானால் 80, அதுவும் அதிகம்தான். முழுவதையும் வடித்து, குழாய்களைச் சுத்தம் செய்யும் மருந்தை வடிப்பதற்கு முன்பே ஓடவிட்டு, புது நீரில் படி 4இலிருந்து தொடங்குங்கள்.