கிராஃபீன் குமிழிக்குள் ஆர்கான்: கணினியில் செய்து பார்க்கும் முறை

போன் திரையில் ஒட்டும் தாளுக்கு அடியில் காற்றுக் குமிழி தங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீனைத் தட்டையான பரப்பின் மேல் வைத்தாலும் அதுதான் நடக்கிறது. இடையில் மாட்டிய நீரோ வாயுவோ ஹைட்ரோகார்பன் அழுக்கோ ஓரிடத்துக்கு ஒதுங்கி, நானோமீட்டர் அளவுக் குமிழியாகத் திரண்டுவிடும். இந்தத் தாள் ஹீலியத்தைக்கூட விடாது என்று 2008-இல் காட்டினார்கள். எனவே உள்ளே சிக்கியது உள்ளேதான். அதற்குள் என்ன நடக்கிறது என்று மூலக்கூறு இயக்கவியல் வழியே, அதாவது ஒவ்வோர் அணுவின் நகர்வையும் கணினியில் படிப்படியாகக் கணக்கிட்டு, பார்க்க நான் பின்பற்றும் முறை இது. இதற்கான லேம்ப்ஸ் (LAMMPS) மென்பொருளை ஓரளவு ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். குமிழியின் அழுத்தத்தை நாம் கொடுக்கக்கூடாது. அணுக்களின் எண்ணிக்கையையும் வெப்பநிலையையும் மட்டும் கொடுங்கள். பரப்போடு ஒட்டிக்கொள்ளத் துடிக்கும் தாளும், இடம் கேட்கும் அணுக்களும் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வரும். அந்த முடிவுதான் அழுத்தம். பெட்டியின் அழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் பாரோஸ்டாட் வேண்டாம். தாளுக்கு மேலே வெற்றிடம் இருப்பதால் பெட்டியின் அழுத்தம் என்ற எண்ணுக்கு இங்கே அர்த்தமே கிடையாது.

முதல் பொருளாக ஆர்கானைச் சொல்வேன். மின்னூட்டம் இல்லை, பிணைப்பு இல்லை, இரண்டு அணுக்களுக்கு இடையிலான ஈர்ப்பையும் விலக்கத்தையும் சொல்லும் லெனார்ட்-ஜோன்ஸ் சூத்திரம் போதும்: சிக்மா (அணுவின் அளவு) 3.405 ஆங்ஸ்ட்ராம், எப்சிலான் (ஈர்ப்பின் வலு) 119.8 கெல்வின். கார்பனுக்கு 3.4 ஆங்ஸ்ட்ராமும் 28 கெல்வினும் எடுத்தால், இரு வகை அணுக்களின் எண்களைக் கலக்கும் லோரன்ஸ்-பெர்த்லோ விதிப்படி ஆர்கான்–கார்பன் எப்சிலான் சுமார் 58 கெல்வின், அதாவது 5 மில்லி எலக்ட்ரான்வோல்ட் வரும். தாளுக்குள்ளே கார்பன்–கார்பன் பிணைப்புக்கு ஏர்போ (AIREBO) அல்லது டெர்சாஃப் (Tersoff) விசை மாதிரி. தாளுக்கும் பரப்புக்கும் இடையே உள்ள ஈர்ப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், குமிழியின் உயரமும் அகலமும் அதை நம்பித்தான் இருக்கின்றன. வெறும் லெனார்ட்-ஜோன்ஸ் போட்டால், அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்போது வரும் ஆற்றல் ஏற்ற இறக்கம் நிஜத்தைவிடக் குறைவாக வரும். அது முக்கியம் என்றால் அடுக்குகளுக்கு இடையிலான விசைக்கென்றே உள்ள கோல்மோகரோவ்–கிரெஸ்பி மாதிரியைப் போடுங்கள்.

பரப்புக்கு கிராஃபைட் வசதி. மூன்று அடுக்குகளை அசையாமல் வையுங்கள். 10 முதல் 12 ஆங்ஸ்ட்ராம் வெட்டுத்தூரத்துக்கு (அதைத் தாண்டினால் விசையைக் கணக்கில் எடுப்பதில்லை) அது போதும். அசையாத அணுக்களுக்குள் விசைக் கணக்கை நிறுத்திவிட்டால் நேரம் மிச்சம். கிராஃபீனில் ஒரு சதுர நானோமீட்டருக்குச் சுமார் 38 அணுக்கள் இருப்பதால், 30 நானோமீட்டர் பக்கமுள்ள தாளுக்கு 34,000 அணுக்கள் ஆகும். நான்கு அடுக்கும் சேர்ந்து ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்தை ஒட்டி வரும். இதில் 5 நானோமீட்டர் ஆரமுள்ள குமிழி தாராளமாக உட்காரும். உள்ளே 500 ஆர்கான் அணுக்களில் தொடங்குங்கள்.

தாளின் விளிம்புதான் பலர் கவனிக்காமல் விடுகிற இடம். தாளைப் பெட்டியின் எல்லை தாண்டித் தொடரவிட்டால் குமிழி எழ எழ அது நீண்டே ஆகவேண்டும்; பக்கத்திலிருந்து உள்ளே வழுக்கி வர வழியில்லை. அப்போது செயற்கையான இழுவிசை சேர்ந்து உயரம் குறையும். நான் தாளைப் பரப்பைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டி, விளிம்பைச் சும்மா விட்டுவிடுவேன். கூடவே தாளைச் சில டிகிரி திருப்பியும் வைப்பேன். அடுக்குகள் பொருந்தாமல் நிற்கும்போது வழுக்கல் எளிது, வெட்டிய தாள் என்பதால் திருப்பிய கோணம் பெட்டிக்குள் பொருந்துமா என்ற தலைவலியும் இல்லை.

ஆர்கானைத் தட்டையான வில்லையாக வைத்து, அதன் மேல் தாளைக் கொசைன் வடிவ மேடாக வளைத்து மூடுங்கள். ஆற்றலைக் குறைக்கும் படி முடிந்ததும், ஒரு படியில் அணு நகரும் தூரத்துக்கு வரம்பு போட்டு 10 கெல்வினில் சிறிது ஓட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் ஒரே ஒரு ஜோடி அணு தாளையே கிழித்துவிடும். அப்புறம் 100 பிகோசெகண்டில் 300 கெல்வினுக்கு ஏற்றுங்கள். கார்பன் பிணைப்பு ஒருமுறை அதிர 20 ஃபெம்டோசெகண்டுதான் ஆகும். அதனால் நேரப்படி, அதாவது கணக்கின் ஒரு படிக்கான நேரம், 0.5 ஃபெம்டோசெகண்டாக இருக்கட்டும். 1 வைத்தாலும் ஓடும், எனக்குத்தான் மனம் வராது.

சமநிலை வந்துவிட்டதா என்பதற்கு ஆற்றல் வரைபடம் தட்டையானதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். தாள் வழுக்குவது மெதுவான வேலை. அதே 500 அணுக்களை இரண்டு விதமாகத் தொடங்குங்கள்: ஒன்று உயரமான குறுகிய மேடு, இன்னொன்று அகலமான தட்டை. இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே ஆரத்தில் வந்து நின்றால் சரி. நிற்காவிட்டால் 500 கெல்வினுக்கு ஏற்றி மெல்ல இறக்கிப் பாருங்கள்.

உயரம் அளக்கும்போது, ஒட்டியிருக்கும் இடத்திலுள்ள 3.35 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியைக் கழிக்க மறக்காதீர்கள். மேட்டின் ஓரம் தெளிவாக இருக்காது, அதனால் பாதி உயரம் உள்ள தூரத்தை அளந்து, அதற்கு ஒரு வளைவைப் பொருத்தி ஆரத்தை எடுப்பது நல்லது. பிறகு உயரம் வகுத்தல் ஆரம். கிராஃபீன் குமிழிகளில் இந்த விகிதம் அளவைப் பொறுத்து மாறாமல் 0.11-ஐ ஒட்டி நிற்கிறது என்று 2016-இல் மான்செஸ்டர் குழு அளந்து காட்டியது. உங்கள் குமிழி அதைவிட மிகச் சிறியது. ஓரிரு ஆர்கான் அடுக்குகளே உள்ள நிலையில் உயரம் படிப்படியாகத் தாவும், விகிதமும் விலகும். அணுக்களைக் கூட்டிக்கொண்டே போகும்போது எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள்.

அழுத்தத்துக்கு, அணுவுக்கு அணு வைரியலை (விசையையும் தூரத்தையும் பெருக்கி வரும் எண்) கூட்டி கன அளவால் வகுக்கும் வழியை நான் தவிர்ப்பேன். இவ்வளவு ஒடுங்கிய இடத்தில் கன அளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நடுப்பகுதியிலுள்ள அசையாத அணுக்கள் மீது ஆர்கான் தரும் செங்குத்து விசையைச் சராசரி எடுத்து, பரப்பளவால் வகுங்கள். ஒரு கன ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு எலக்ட்ரான்வோல்ட் என்பது 160.2 ஜிகாபாஸ்கல். விடையைச் சரிபார்க்க, தாள் பரப்போடு ஒட்டும் ஆற்றலை உயரத்தால் வகுத்தால் போதும்: சதுர மீட்டருக்கு 0.2 ஜூல், உயரம் 1 நானோமீட்டர் என்றால் 200 மெகாபாஸ்கல். இதைவிட இரண்டு மூன்று மடங்கு வந்தால் கவலையில்லை, நூறு மடங்கு வந்தால் அலகை எங்கோ மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

அறை வெப்பநிலையில் ஆர்கான் சுமார் 1.3 ஜிகாபாஸ்கலில் திண்மமாகும். சின்னக் குமிழிகளில் அந்த எல்லைக்கு அருகே போக முடியும் என்பதால்தான் இவ்வளவு சிரமமும். ஆனால் அடர்த்தி வரைபடத்தில் கூர்மையான அடுக்குகள் தெரிந்ததுமே திண்மம் என்று எழுதிவிடாதீர்கள். சுவரை ஒட்டிய திரவமும் அடுக்கடுக்காகத்தான் நிற்கும். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் அணுக்கள் எவ்வளவு தூரம் அலைகின்றன என்று பாருங்கள். இடம் மாறாமல் அதிர்ந்துகொண்டே இருந்தால் திண்மம்.

ஆர்கானிலிருந்து நீருக்குப் போகும்போது எஸ்பிசி/இ (SPC/E) என்ற நீர் மூலக்கூறு மாதிரி நல்ல தொடக்கம். ஆக்சிஜன்–கார்பன் எப்சிலானைச் சற்று மாற்றினாலே நீர் கிராஃபீனில் பரவுகிறதா, துளியாக நிற்கிறதா என்பது மாறிவிடும் என்பதால், அதைத் தொடுகோண (நீர்த்துளியின் ஓரம் பரப்போடு சேரும் கோணம்) அளவோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். பெட்டி மேலும் கீழும் திரும்பத் திரும்ப வருவதாகக் கணக்கு எடுத்துக்கொள்ளாமலிருக்க, நீண்டதூர மின்விசைக்குப் பலகை வடிவத் திருத்தமும் வேண்டும். சூடாக்கப் போகிறீர்கள் என்றால் இந்த மாதிரிகளே போதாது: கிராஃபீனுக்கும் வைரத்துக்கும் இடையே சிக்கிய நீர் சூடானபோது வைரத்தையே அரித்தது என்று 2013-இல் வெளியானது. பிணைப்பு உடையும் அந்த மாதிரி வேலைக்கு, பிணைப்பு உடைவதையும் உருவாவதையும் கணக்கிடும் ரியாக்ஸ்எஃப்எஃப் (ReaxFF), நேரப்படி 0.25 ஃபெம்டோசெகண்ட் அல்லது அதற்கும் கீழே, குமிழியும் இன்னும் சிறியதாக.