போர் தண்ணீர் நிரப்பிய நீச்சல் குளமா? குளோரினுக்கு முன்னால் பி.எச். பாருங்கள்

சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் பண்ணை வீட்டுக் குளங்களை நிரப்புவது பெரும்பாலும் போர் தண்ணீர், இல்லையென்றால் டேங்கர். தண்ணீர் லேசாகப் பச்சை தட்டியதுமே பலரும் குளோரினைத்தான் கொட்டுகிறார்கள். ஆனால் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8ஐத் தாண்டிவிட்டால் அதில் கால்வாசிகூட கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்காது, காசுதான் கரையும்.

முதலில் அளவு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1000ஆல் பெருக்குங்கள். 8க்கு 4, ஆழம் 1.5 என்றால் 48,000 லிட்டர்.

அப்புறம் சோதனை. முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் எடுங்கள், மேல்மட்டத் தண்ணீர் சரியாகக் காட்டாது. பி.எச். 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), ஆல்கலினிட்டி (பி.எச். மாறாமல் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மை) 80 முதல் 120 பிபிஎம் இருந்தால் போதும். குளோரினுக்கு டிபிடி (DPD) என்ற சோதனை கிட் வாங்குங்கள், இளஞ்சிவப்பு நிறம் காட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: சொட்டு விழுந்ததும் ஒரு கணம் சிவந்து உடனே வெளுத்துப்போனால் குளோரின் இல்லை என்று அர்த்தமில்லை, நிறத்தையே அழிக்கும் அளவுக்கு எக்கச்சக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். குளத்துத் தண்ணீரைப் புதிதாகக் கொஞ்சம் எடுத்து, அதில் நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள்.

போர் தண்ணீரில் ஆல்கலினிட்டி பெரும்பாலும் ஏற்கெனவே அதிகம்தான், அதனால் அதைக் கூட்டும் சமையல் சோடா வாங்க வேண்டியே வராது, தேவைப்படுவது ஆசிட். 50,000 லிட்டரில் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 1 லிட்டர் போட்டால் ஆல்கலினிட்டி சுமார் 10 பிபிஎம் இறங்கும், பி.எச்.சும் கூடவே இறங்கும். அதனால் அரை லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. பம்ப் ஓடும்போது குளத்தில் பரவலாக விட்டு, சில மணி நேரம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள்.

பி.எச். சரியானால்தான் குளோரின், அதுவும் வெயில் இறங்கிய பிறகு. கடின நீரில் ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், சுண்ணாம்பு சேர்ந்து டைல்ஸில் வெள்ளைப் படலம் கட்டும். திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் நல்லது. ஆசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம்.

டிசிசிஏ (TCCA) என்ற குளோரின் மாத்திரை வசதிதான். ஆனால் ஒவ்வொரு மாத்திரையும் தண்ணீரில் சயனூரிக் அமிலத்தை விட்டுச் செல்கிறது. 30 முதல் 50 பிபிஎம் வரை அது குளோரினை வெயிலிலிருந்து காக்கும், 100ஐத் தாண்டினால் குளோரினையே மந்தமாக்கிவிடும். அப்போது குளத்தில் ஒரு பகுதித் தண்ணீரை வெளியேற்றிப் புதிதாக நிரப்புவதுதான் நடைமுறையில் வழி.