சிவன்மலை உத்தரவு பெட்டியில இருந்து தேங்காய் நீரோட்டம் வரைக்கும்: அர்த்தம் தேடறப்ப நம்ம பண்ற தப்புக

காங்கேயம் பக்கம் சிவன்மலைக்கு போனவங்களுக்கு தெரியுமுங்க, மேல சுப்ரமணிய சாமி கோயில்ல தூண்ல ஒரு கண்ணாடி பெட்டி இருக்கும், ஆண்டவர் உத்தரவு பெட்டின்னு பேரு. யாராவது ஒரு பக்தர் கனவுல சாமி வந்து இன்ன பொருளை வையின்னு சொல்லுவாரு, அந்த பக்தரு கோயிலுக்கு வந்து சொன்னவுடனே வச்சிர மாட்டாங்க, சாமி முன்னாடி வெள்ளைப்பூ, செவப்புப்பூ ரெண்டையும் பொட்டணமா போட்டு ஒண்ணை எடுத்து கேட்டு, வெள்ளைப்பூ வந்தாத்தான் பெட்டிக்குள்ள போகும், அப்புறம் இன்னொருத்தரு கனவுல அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் அதுவேதான் இருக்கும், இத்தனை நாளுன்னு கெடு கெடையாது. இதுவரைக்கும் உள்ள இருந்தது என்னென்னன்னு பாத்தா மண்ணு, தண்ணி, மஞ்சள், சைக்கிள், ஏர்க்கலப்பை, இரும்புச் சங்கிலி. எல்லாமே நம்ம காட்டுலயும் வீட்டுலயும் கெடக்கற சாமானுங்க.

இதுல நான் ரொம்ப மதிக்கற விஷயம், கோயில்ல பொருளை மட்டுந்தான் வைக்கறாங்க, இதுக்கு இதுதான் அர்த்தம்னு எழுதி ஒட்டறதில்ல. அர்த்தத்தை ஒட்டறது நம்மதான். தண்ணி வச்சாங்க சுனாமி வந்துருச்சு, மஞ்சள் வச்சாங்க ஈரோட்டு மார்க்கெட்ல வெலை ஏறிருச்சு, இப்படி நடந்து முடிஞ்சதுக்கப்புறம் பின்னாடி போயி முடிச்சு போடறது. மொதல் தப்பு இதுதானுங்க. தண்ணிங்கற பொருளுக்கு வெள்ளம் வந்தாலும் பொருந்தும், மழை பொய்ச்சாலும் பொருந்தும், மேட்டூர்ல தண்ணி திறந்தாலும் திறக்காட்டியும் பொருந்தும், எது நடந்தாலும் பொருந்தற ஒண்ணை வச்சு என்ன நடக்கப்போவுதுன்னு சொல்ல முடியாது. அப்ப அந்த பெட்டியில அர்த்தமே இல்லையான்னா, இருக்குங்க. தண்ணி உள்ள இருக்கற வரைக்கும் மலைக்கு வந்துட்டு போற அத்தனை பேரு மனசுலயும் தண்ணி நெனப்பு இருக்கும், எறங்கி வீட்டுக்கு போறவன் ஒழுகிட்டு இருக்கற சொட்டுநீர் பைப்பை மாத்துனா அவனுக்கு உத்தரவு வந்து சேந்துருச்சுன்னுதான் நான் எடுத்துக்குவேன். ஒரு சாதாரண பொருளு நம்ம மூஞ்சிய ஒரு பக்கம் திருப்பிவிடும், அவ்வளவுதான் அதோட வேலை, அதுக்கு மேல நம்ம கைதான் பாக்கோணும்.

போன்ல 11:11 தெரியுது, போற பக்கமெல்லாம் ஒரே வண்டி நம்பரு கண்ணுல படுது, யுனிவர்ஸ் என்கிட்ட பேசுதுன்னு சொல்றவங்க இப்ப நெறைய. ஒண்ணை ஒருக்கா மனசுல குறிச்சுட்டா அப்புறம் அது அடிக்கடி வர்ற மாதிரியே தோணும், இதுக்கு அர்னால்ட் ஸ்விக்கிங்கற மொழியியல் அறிஞரு 2005ல ஃப்ரீக்வன்சி இல்யூஷன்னு பேரு வச்சாரு. மணி 10:47ன்னு பாத்த நேரமெல்லாம் நம்ம கணக்குல வராது. நம்பரு கண்ணுல பட்டா ஒரு நிமிஷம் நின்னு கும்பிட்டுட்டு போங்க, அதை வச்சு கடன் வாங்காதீங்க.

பூ கேக்கறதுல நடக்கற தப்பு இதைவிட பெருசு. குலதெய்வம் கோயில்ல பூ கேக்கறது, கவுளி சொல்லுதான்னு காத்திருக்கறது எல்லாம் நம்ம பக்கம் கல்யாணம் கூட்டறதுல இருந்து கெணறு வெட்டற வரைக்கும் உண்டு. மொதல்ல விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரிச்சு, பையனுக்கும் புள்ளைக்கும் மனசு ஒத்துப்போச்சான்னு பாத்து, பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சு, அதுக்கப்புறம் சாமிகிட்ட போயி நாங்க இப்படி நெனச்சிருக்கறம்னு நிக்கறது ஒரு மொறை. இப்ப பாதிப்பேரு விசாரிக்காமயே பூவுக்கு போயிடறாங்க, செவப்பு வந்துருச்சுன்னா மனசு கேக்காம இன்னொருக்கா போடுங்க சாமின்னு பூசாரிய நச்சரிக்கறாங்க, மூணாவது தடவை வெள்ளை வந்தா சாமி சம்மதிச்சுட்டாருன்னு கெளம்பிடறாங்க. ரெண்டு பூவுல ஒண்ணை எடுக்கறதுன்னா மூணு தடவை எடுத்தா ஒருக்காவாவது வெள்ளை வர்றதுக்கு எட்டுக்கு ஏழு பங்கு வாய்ப்பு இருக்குங்க. அங்க கேட்டது சாமிய இல்ல, நம்ம ஆசைய. ஒருக்கா கேளுங்க, வந்ததை ஏத்துக்க மனசு தயாரா இருந்தா மட்டும் கேளுங்க.

மேனிஃபெஸ்டேஷன், அதாவது மனசுல நெனச்சாலே நடந்துரும்ங்கற விஷயத்துக்கு வர்றேன். நோட்டுல எழுது, கண்ணை மூடி அந்த வீட்டுக்குள்ள நடக்கற மாதிரி பாரு, கெடைச்சிருச்சுன்னே நெனைன்னு ரீல்ஸ்ல சொல்லித்தர்றாங்க. கேப்ரியல் ஓட்டிங்கன்னு ஒரு சைக்காலஜி பேராசிரியரு இதை ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, வேலை கெடைச்சிருச்சுங்கற மாதிரி இனிப்பா கனவு கண்ட ஜெர்மன் பட்டதாரிகளுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா கம்மியாத்தான் வேலை வந்திருக்கு, சம்பளமும் கம்மி. கெடைச்ச மாதிரியே மனசு ஆறிப்போச்சுன்னா ஒடம்பு எந்திரிக்காது. அவங்க சொல்ற வழி, வேணுங்கறதை நெனைங்க, உடனே அதுக்கு குறுக்க நிக்கற தடை என்னன்னு நெனைங்க, அந்த தடைக்கு என்ன பண்ணுவீங்கன்னு முடிவு பண்ணுங்க. நம்ம வேண்டுதல்ல இது ஏற்கனவே இருக்குங்க. பங்குனி உத்தரத்துக்கு கொடுமுடியில காவேரி தீர்த்தம் எடுத்து பழனிக்கு நடந்து போறவங்க சும்மா உக்காந்து கேக்கறதில்ல, வெயில்ல தோள்ல காவடியோட நடக்கறாங்க, ஆசை ஒரு பக்கம் இருந்தா பாடும் கூடவே இருக்குது.

எனக்கு கோவம் வர்றது இன்னொரு தப்புல. குறிய வச்சு இன்னொரு உசுர ஒதுக்கறது. மாட்டுக்கு சுழி பாக்கறது நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும், கண்ணபுரம் சந்தையில காங்கேயம் மாட்டை சுத்தி வந்து நெத்தி, திமில், முதுகுன்னு மயிரு எந்தப்பக்கம் சுழிச்சிருக்குன்னு வெரலால தடவி பாப்பாங்க. பெண்டிழந்தான் சுழின்னு ஒண்ணு சொல்லுவாங்க, அது இருக்கற மாட்டை வாங்குனா பொண்டாட்டி செத்துருவாளாம். நல்ல எலும்பு, நல்ல நடை, ஒரு நோவு இல்ல, கருவுலயே விழுந்த மயிரு அமைப்புக்காக அந்த மாடு அடிமாட்டு வெலைக்கு போவுது, அழிஞ்சுட்டு வர்ற இனத்துல இதை பண்றம். இதே மனசுதான் தாலியறுத்த பொம்பளை எதுக்க வந்தா திரும்பி வீட்டுக்குள்ள போயி தண்ணி குடிச்சுட்டு வர்றது. ஒரு குறி உங்களை பயமுறுத்தி இன்னொருத்தரை கீழ தள்ளச்சொன்னா அதை தூக்கி எறியுங்க, யோசிக்கவே வேண்டாம்.

அதுக்காக எல்லாரோட குறியவும் போயி திருத்தறதும் தப்பு. அமாவாசைக்கு வச்ச சோத்தை காக்கா வந்து எடுத்துச்சு, அவரு வந்துட்டாருன்னு ஒரு அம்மா கண்ணு கலங்கறப்ப அங்க நின்னு ஃப்ரீக்வன்சி இல்யூஷன் பேசக்கூடாதுங்க. அந்த அம்மா யாருக்கும் கெடுதல் பண்ணல, எதையும் பணயம் வைக்கல.

குறிய விடத் தெரியாதது இன்னொண்ணு. வண்டியில காஞ்ச எலுமிச்சை, கையில நெறம் போன நாலு கயிறு, பர்ஸுக்குள்ள எப்பவோ கெடைச்ச அதிர்ஷ்ட நோட்டு, தொலைஞ்சா ராத்திரி தூக்கம் வராது. மார்கழியில வாசல்ல ஒரு பிடி சாணிய எடுத்து உள்ளங்கையில உருட்டி, கூம்பா அமுக்கி, தலையில நாலு அருகம்புல்லு சொருகி ஒரு பூசணிப்பூ வச்சா பிள்ளையாரு, விழுந்து கும்பிடறம். அடுத்தநாளு புதுசு புடிப்பாங்க, பழசு காஞ்சு போயிரும், யாரும் அழுவறதில்ல. கரூர் மாரியம்மனுக்கு நடற கம்பமும் அப்படித்தான், மூணு கவை உள்ள ஒரு மரக்கட்டை, திருவிழா முடியற வரைக்கும் சனம் கொடம் கொடமா தண்ணி ஊத்தும், முடிஞ்சதும் ஊரே கூடி அமராவதி ஆத்துல விட்டுருவாங்க. நேத்து வரைக்கும் சாமியா நின்ன கட்டை, இன்னைக்கு ஆத்தோட போவுது. அந்த கயிறையும் கழட்டி ஆத்துல விடாம வேப்பமரத்தடியில வச்சுருங்க, ஆறு ஏற்கனவே நெறைய சுமக்குது.

கடைசியா நீரோட்டம், அதாவது கெணறு, போர் போட மண்ணுக்கடியில தண்ணி எங்க இருக்குன்னு பாக்கறது, ஏன்னா இதுலதான் நம்ம சனம் சொத்தை விட்டிருக்குது. உள்ளங்கையில தேங்காயை வச்சு நடப்பாங்க, தண்ணி இருக்கற எடத்துல எந்திரிச்சு நிக்கும், இல்லாட்டி கவட்டை வேப்பங்குச்சி கீழ வளையும். புடிக்கறவரு ஏமாத்தறாருன்னு நான் சொல்லல, மனசு எதிர்பாக்கறப்ப தசை அவங்களுக்கே தெரியாம லேசா அசையும்னு 1852லயே வில்லியம் கார்பென்டருங்கற இங்கிலாந்து மருத்துவரு எழுதியிருக்காரு. நம்ம மண்ணுக்கடியில ஆறு மாதிரி நீரோட்டம் ஓடலைங்க, கெட்டிப்பாறை, அதோட வெடிப்புலதான் தண்ணி தங்கும், ஒரு வெடிப்பை தவறவிட்டா பத்தடி அக்கட்ட போட்டும் புகைதான் வரும். ஆயிரம் அடி போர் போடற காசு வெளையாட்டில்ல. அக்கம்பக்கத்து காட்டுல எத்தனை அடியில என்ன தண்ணி வந்துச்சு, எது வத்துச்சுன்னு கேட்டு எழுதி வைங்க, வேளாண் பொறியியல் துறையில சொல்லி மண்ணுக்குள்ள மின்தடை பாக்கற கருவிய வச்சு ஆய்வு பண்ணச் சொல்லுங்க, அதுவும் நூத்துக்கு நூறு இல்லைன்னு தெரிஞ்சே பண்ணுங்க, தண்ணி வராட்டி தாங்கற அளவுக்கு மட்டும் காசை எறக்குங்க. எடம் முடிவாயி திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்னதும் அந்த தேங்காயையே எடுத்து கற்பூரம் பத்தவச்சு ஒடைச்சு பூஜை போட்டு ஆரம்பிங்க, அதுல ஒரு கொறையும் இல்லைங்க.